உபதேசியார் என்று சொல்லி வாசிக்க வேண்டும்

புறப்படுகிற அன்று அம்மா ஒரு காணிக்கை உறையை என் கையில் வைத்தாள். உள்ளே 500 ரூபாய். மேலே அவளுடைய கோணல் எழுத்தில் தாத்தாவின் பெயர். பெயருக்கு முன்னால் கொஞ்சம் பெரிதாக, 'உபதேசியார்'.

"ஸ்தோத்திரக் காணிக்கையில போட்டுடு. பேரை மட்டும் வாசிச்சா போதாது. உபதேசியார்னு சொல்லி வாசிக்கணும். ஐயர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு."

தாத்தா கொள்ளிடக் கரையோரத்து லுத்தரன் சபைகளில் 31 வருஷம் உபதேசியாராக இருந்தவர். குருப்பட்டம் பெற்றவர் அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயர், அதாவது பட்டம் பெற்ற குரு, வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மீதி ஞாயிறுகளின் ஆராதனை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், நோயாளி வீட்டு ஜெபம், நடுராத்திரியில் வந்து கூப்பிடுகிற சாவு வீடு எல்லாம் தாத்தாவுடையது. சைக்கிள் ஒன்று, கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் ஒன்று, நாட்குறிப்பு ஒன்று. அன்றன்றைக்கு எந்தத் தெரு, யார் வீடு, என்ன வாசித்தது என்று எழுதி மாதக் கடைசியில் ஐயரிடம் காட்ட வேண்டும். அந்த நோட்டுகளில் ஒன்று மட்டும் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அதையும் பையில் வைத்துக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது தரங்கம்பாடிக்குப் போய்விட்டு வருவது தாத்தாவின் வழக்கம். மாயவரத்திலிருந்து அப்போது ரயில் உண்டு. 1986-ல் அது நின்றுபோனது. நான் மயிலாடுதுறையில் பேருந்து ஏறி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளையடித்த நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. தெரு முடிகிற இடத்தில் கடல் தெரிகிறது. அதற்கு முன்பே கண்ணில் படுகின்றன இரண்டு கோயில்கள். ஒன்று சீயோன் கோயில், அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று 1701-ல் எழுப்பியது. மற்றது புதிய எருசலேம் கோயில். தமிழர்களுக்கென்று கட்டியது அதுதான். அதன் நெற்றியில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும், 1718 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன.

கோயில்பிள்ளை அண்ணன் மறுநாள் ஆராதனைக்காகப் பெருக்கிக்கொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, "தோத்திரம்ணே, உள்ளே கொஞ்சம் உட்காரலாமா?" என்றேன். "தோத்திரம். எவ்வளவு நேரம்னாலும் உட்காருங்க. பூட்டுறப்ப சொல்றேன்" என்றார்.

தடித்த சுவர்கள். சிலுவை வடிவத்தில் நாலு பக்கமும் விரிகிற கூடம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தரை குளிர்ந்திருந்தது. பலிபீடத்துக்கு ஒரு பக்கம், டென்மார்க் அரசர் அனுப்ப ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனெரி சீகன்பால்கு, மறுபக்கம் அவருடைய தோழர் குருண்ட்லர், இருவரும் இங்கேதான் அடக்கம். சீகன்பால்குவின் பக்கம் போய் முழங்காலிட்டேன். ஜெபமாக வார்த்தை எதுவும் வரவில்லை. நன்றி என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

1706 ஜூலை 9 அன்று அவரும் உடன் வந்த மிஷனெரி புளுட்சோவும் இந்தக் கரையில் இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைவு. வரவேற்க யாரும் இல்லை. அரசர் அனுப்பிய ஆட்களையே இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகள் தொல்லையாகப் பார்த்தார்கள். பின்னால் நாலு மாதம் கோட்டைக்குள் சிறையும் வைத்தார்கள். ஆனால் அந்த இளைஞர் வந்த சில மாதங்களுக்குள்ளேயே நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் 70 வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார். தன் பள்ளிக்கூடத்தையே மிஷனெரிகளின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தவர். பேச்சுத் தமிழும் நாட்டு வழக்கமும் சொல்லிக் கொடுத்தவர் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர். ஓலையில் நூல்களைப் பெயர்த்தெழுதிக் கொடுக்கத் தனியே எழுத்தர்கள் இருந்தார்கள். இந்தச் சபையின் முதல் வேலையாட்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். அந்த வாத்தியார் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனாலும் அவர் இல்லாமல் 1714-ல் அச்சான தமிழ் சுவிசேஷங்களும் இல்லை, 1715-ல் முடிந்த புதிய ஏற்பாடும் இல்லை. நான் தினமும் காலையில் திறக்கிற வேதாகமத்துக்கு அவர் பிடித்துக் கொடுத்த விரலும் ஒரு வேர்.

1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர் பெற்றார்கள். சபையின் முதல் பெயர்ப்பட்டியலைத் தொடங்கி வைத்தவர்கள் இந்த ஐவர். அதே வருஷம் ஆகஸ்டு 14-ல் கடலோரத்தில் சிறிய எருசலேம் கோயில் பிரதிஷ்டை ஆனது. அது இன்று இல்லை. இடம் போதாமல், 1717 பிப்ரவரி 9-ல் புதிதாக அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டை செய்ததுதான் நான் முழங்காலிட்டிருந்த கோயில். நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, அதைக் கட்டியவர் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். வயது 36. அடுத்த வருஷமே குருண்ட்லரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இந்தச் சபை எப்படி நிலைத்தது என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "உபதேசிமார் இருந்தாங்களே" என்பார், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பது போல.

அவர் சொன்னது சரிதான். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் பட்டணத்தை விட்டு வெளியே போவதற்கே தஞ்சாவூர் மன்னரின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. கிராமம் கிராமமாக நடந்து போனவர்கள் தமிழ் உபதேசிமார். போன இடம், பேசிய ஆள், கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாகி, ஐரோப்பாவில் வீடு வீடாக வாசிக்கப்பட்டன. தாத்தாவின் நாட்குறிப்புக்கு இத்தனை பழைய வம்சம் இருக்கிறது என்பது நான் பெரியவனாகிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அவர்களில் ஒருவர் ஆரோன். கடலூர்க்காரர், முன்பெயர் ஆறுமுகம். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சீர்திருத்த சபைக் குரு அவர்தான். மாயவரத்துப் பக்கம் அலைந்து உழைத்து 1745-ல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அவர் பெயரைச் சபையில் எல்லோரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும்.

தாத்தா சொன்ன பெயர் வேறு. இராஜநாயக்கர். தஞ்சாவூர் மன்னரின் படையில் போர்வீரராக இருந்தவர். பறையர் குலம், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் கைக்கு வந்து, அதை வாசித்து வாசித்து மனம் பற்றிக்கொண்டு, தேடி வந்து உபதேசியார் ஆனவர். தஞ்சாவூர்ச் சீமையில் அவரைப்போல உழைத்தவர்கள் குறைவு. இரண்டாவதாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவர் பெயரும் வந்தது. அவர் கையால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனெரிகள் பின்வாங்கினார்கள். 1741-ல் பட்டம் தியோகு என்ற இன்னொரு உபதேசியாருக்குப் போனது. இராஜநாயக்கர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து உழைத்தார்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கும். அந்தக் காலத்தில் இந்தக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சிலுவையின் கைகளைப்போலக் கட்டிய கூடத்தில், ஒரே அப்பத்தைப் பிட்கிற இடத்தில்! பலிபீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தேன். நம் முன்னோர் செய்த பாவம்தான் அது. பாவ அறிக்கையில் அதையும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் தாத்தா இந்தக் கதையைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இருந்ததில்லை. இராஜநாயக்கர் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்வார். "பட்டம் மனுஷன் குடுக்கிறது. அனுப்புறது ஆண்டவர்."

இருட்டுகிற நேரத்தில் கோயில்பிள்ளை வந்து நின்றார். வெளியே திண்டில் உட்கார்ந்து பேசினோம். அவருடைய அப்பாவுக்கும் இதே வேலைதானாம். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி மாற்றுவது, பலிபீடத்து விரிப்பைக் காலத்துக்கு ஏற்ற நிறத்தில் மாற்றுவது, நற்கருணைப் பாத்திரங்களைத் துலக்குவது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் கதவு திறந்து கல்லறையைக் காட்டுவதும் அவர்தான். "சுனாமி அன்னைக்கு இங்கதான் இருந்தீங்களாண்ணே?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "கோயில் நின்னுச்சு. குப்பத்துல நிறைய பேரு போயிட்டாங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அன்று இரவு கடற்கரையில் நடந்தேன். மாசிலாமணிநாதர் கோயிலை அலை பாதி தின்றிருக்கிறது. 1620-ல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் நிற்கிறது. இந்த ஊரை 1845-ல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சபையை விற்க முடியவில்லை. ஹாலே மிஷன் தளர்ந்திருந்த நேரத்தில், 1840-ல் கோர்டஸ் ஐயர் வந்திறங்க, பின்னாளில் லைப்சிக் மிஷன் ஆன ஜெர்மன் சங்கம் பொறுப்பெடுத்தது. பிறகு சுவீடன் சபையும் கை கொடுத்தது. 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று சொந்தக் காலில் நின்றது. தலைமையகம் திருச்சியில் இருந்தாலும், பேராயருக்குப் பட்டப்பெயர் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர்தான். 1921-ல் முதல் பேராயர் ஹாய்மன், சுவீடன்காரர். தமிழர் ஒருவர், இராஜா பூஷணம் மாணிக்கம், அந்த இடத்தில் அமர 1956 ஆனது. ஆரோன் குருவானதிலிருந்து எண்ணினால் 223 வருஷம்.

ஞாயிறு காலை முதல் மணி அடிப்பதற்குள் போய்விட்டேன். ஐயர் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். உறையைக் கொடுத்து அம்மா சொன்னதைச் சொன்னேன். வாசித்துப் பார்த்தார். "எந்தச் சபையில இருந்தார் தாத்தா?" என்று கேட்டார். சொன்னேன். நோட்டை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். ஒரு மழைக்கால வாரம். 'ஆறு பெருக்கு. ஓடம் இல்லை. அக்கரைச் சபைக்குப் போகக் கூடவில்லை. கரையில் நின்று ஜெபித்தேன்.' ஐயர் அந்த வரியில் விரல் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

ஆராதனை தொடங்கியது. பாடகர் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனால் கீர்த்தனை எடுத்ததும் பின்வரிசைப் பாட்டிமார் சேர்ந்துகொண்டார்கள், கூடம் நிறைந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கடைசிப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சபைக் கணக்கர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காணிக்கைப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் தனித்தனிப் பக்கம் உட்காரவில்லை. நான் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதற்காக ஆண்டவருக்கு அங்கேயே நன்றி சொன்னேன்.

அறிவிப்புகளுக்குப் பிறகு ஸ்தோத்திரக் காணிக்கைகள். பிறந்தநாள், திருமணநாள், பரீட்சையில் தேறியது, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார் ஐயர். கடைசி உறையை எடுத்தவர் சற்று நிறுத்தினார்.

"கொள்ளிடக் கரைச் சபைகளில் 31 ஆண்டு உபதேசியாராக ஊழியம் செய்து கர்த்தருக்குள் நித்திரை அடைந்த..." என்று தொடங்கி, தாத்தாவின் பெயரை முழுதாக வாசித்தார். உறையில் இருந்தது 'உபதேசியார்' என்ற ஒரு சொல்தான். மற்றதை அவரே சேர்த்துக்கொண்டார். சபை "ஆமென்" என்றது. பலிபீடத்தின் அருகே மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டிருந்த கோயில்பிள்ளை அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

நற்கருணைக்கு முன்னால் போய் முழங்காலிட்டபோது எனக்கு ஒரு பக்கம் மீன்கூடை சுமந்து தோள் காய்த்த ஒரு அம்மா, மறுபக்கம் கல்லூரிப் பையன் ஒருவன். அப்பம் கையில் விழுந்தபோது இராஜநாயக்கரை நினைத்தேன்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் கேட்டாள்.

"வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்கம்மா."

"உபதேசியார்னு சொல்லியா?"

"உபதேசியார்னு சொல்லி, எத்தனை வருஷம்னும் சேர்த்து."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.