தொடாமல் விட்ட 24 கேள்விகள்

புள்ளியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை 100 கேள்விகளில் 24 கேள்விகளைத் தொடவே இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டு என்று வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நன்றாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவோம், கையில் இருப்பதை இழக்க வேண்டாம் என்று நினைத்தேன். 4 மதிப்பெண்ணில் இடம் போனது.

அப்போது எனக்கு வயது 29. கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. நல்ல வேலை, நல்ல மனிதர்கள், மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் விண்ணப்பமே போட்டேன். விண்ணப்பம் போடும் அளவுக்கு வந்த தைரியம் தேர்வு அறைக்குள் என்னோடு வரவில்லை.

தோற்ற பிறகு அந்த 24 கேள்விகளைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நான்கு விடைகள், சரியென்றால் 1 மதிப்பெண், தவறென்றால் 1/3 குறையும். எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை 'இது நிச்சயம் இல்லை' என்று ஒதுக்க முடிந்தாலே ஒரு கேள்விக்குச் சராசரி 1/9 மதிப்பெண். இரண்டை ஒதுக்க முடிந்தால் 1/3. நான் விட்டுவிட்டு வந்தவற்றில் 15 கேள்விகளிலாவது இரண்டு விடைகளை ஒதுக்கியிருக்க முடியும். சராசரிக் கணக்கில் அது 5 மதிப்பெண். நிகழ்தகவு படிக்கப் போகிறவன் நிகழ்தகவுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன் என்று புரிந்தபோது மனம் மிகவும் வலித்தது.

சராசரி என்பது உத்தரவாதம் இல்லை, அது உண்மை. அதனால் என் ஊகம் எவ்வளவு நம்பகமானது என்று அளந்து பார்க்க முடிவு செய்தேன். அடுத்து எழுதிய மாதிரித் தேர்வுகளில், உறுதியாகத் தெரிந்த விடைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, சந்தேகத்தோடு எழுதியதற்கு ஒரு வட்டம். ஒன்பது தேர்வுகள் முடிந்ததும் வட்டங்களை மட்டும் எண்ணினேன். 90 வட்டங்களில் 51 சரி, 39 தவறு. கழித்தது போக 38 மதிப்பெண். 'எனக்குத் தெரியாது' என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் அத்தனை மதிப்பெண் கிடந்தது. மதிப்பெண் குறைப்பு உள்ள தேர்வுக்குத் தயாராகும் ஒவ்வொருவரும் இந்தக் கோடு, வட்டக் கணக்கை ஒரு மாதமாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். உங்கள் வட்டங்கள் பாதிக்கு மேல் தவறாகலாம். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் படிக்கும் முறைக்கு வந்தேன். முதல் வருடம் நான் நிறையப் படித்தவன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாலைந்து முறை வாசித்து, அழகாக அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் நிலைமையை அப்படியே சொன்னது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான்.

இதைப் படித்த அன்றே முறையை மாற்றினேன். ஒரு பகுதியை ஒரு முறை வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, வெள்ளைத் தாளில் நிரூபணத்தை முதல் வரியிலிருந்து எழுதுவது. முதல் சில வாரங்கள் கொடுமையாக இருந்தன. மூன்றாவது வரியில் நின்றுவிடுவேன். நாள் முழுக்கப் படித்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவன் போலத் தூங்கப் போவேன். அந்தக் கட்டத்தில்தான் பலரும் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சிக்கிய இடத்தைத் தேதியோடு குறித்து, மூன்று நாள் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பட்டியல் சுருங்கியது.

இதைவிடக் கடினமானது மற்றவர்கள் முன்னால் தவறு செய்வது. எங்கள் படிப்புக் குழுவில் ஐந்து பேர், எல்லாரும் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். கரும்பலகையில் போய்க் கணக்குப் போடச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தேன். ஒரு நாள் நிபந்தனை நிகழ்தகவுக் கணக்கு ஒன்றை நானே கேட்டு வாங்கிப் போட்டேன். பாதியில் தவறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எங்கே தவறியது என்று ஒரு பெண் வந்து ஒரே வரியில் காட்டினாள். தனியாக உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அதன்பிறகு வாரம் ஒரு கணக்கு, எனக்கு நிச்சயம் இல்லாத கணக்காகப் பார்த்து, பலகையில் போட்டேன்.

வேலை விஷயத்தையும் சொல்ல வேண்டும், பலரும் கேட்பது அதைத்தான். நான் வேலையை விட்டுவிட்டுப் படிக்கவில்லை. முதலில் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு மாற்றிக் கேட்டேன். 'இல்லை' என்பார்கள் என்று ஒரு வருடமாகக் கேட்காமலே இருந்திருக்கிறேன், கேட்டதும் கொடுத்தார்கள். இடம் கிடைத்த பிறகே ராஜினாமா. அதற்குள் பத்து மாதச் செலவுக்குச் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டாவது தடவையும் தோற்றால் மூன்றாவது தடவை எழுத மாட்டேன், அதே துறையில் வேறு வழி தேடுவேன் என்று ஒரு தேதியையும் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தேதி இருந்ததால்தான் பயமில்லாமல் படிக்க முடிந்தது. உங்கள் வருமானத்தை நம்பி வீட்டில் வேறு யாராவது இருந்தால் இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தலையில் ஏற்றும் ஆபத்துக்குத் தைரியம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2016-ல் வெளியிட்ட ஆய்வையும் அப்போது பலமுறை புரட்டினேன். வேலையை விடலாமா, படிக்கப் போகலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, பெரிய முடிவுகளில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் இருந்தபடியே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இரண்டு பக்கமும் சமமாக இழுக்கப்பட்டவர்கள். மனம் முழுக்க ஒரு பக்கம் நிற்கிறவருக்கு இந்த முடிவைப் பொருத்தக் கூடாது. நான் நடுவில்தான் நின்றேன். அதனால் எனக்கு அது உதவியது.

இரண்டாவது தேர்வில் 7 கேள்விகளை மட்டும் விட்டேன். அந்த ஏழிலும் ஒரு விடையைக்கூட ஒதுக்க முடியவில்லை.

நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே தெரியாத கேள்வி. முன்பு என்றால் 'தெரியாது, மன்னிக்கவும்' என்று முடித்திருப்பேன். அன்றைக்கு எழுந்து, "விடை தெரியவில்லை. ஆனால் சின்ன எண்களை வைத்துத் தொடங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சரி என்று பலகையைக் காட்டினார்கள். கடைசி வரி வரை போக முடியவில்லை. மூன்றாவது வரியைத் தாண்டியிருந்தேன்.