பசுக்கள் மேயும் ஓடுதளம்

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடித் தரைக்கல், இரவில் நல்ல சாப்பாடு என்று திரும்பிவிடுகிறார்கள். எங்கள் பூர்வீக வீடு இந்தப் பக்கம் இருந்தும், நானும் இத்தனை காலம் அப்படித்தான் இருந்தேன். இந்த முறை அனுமதி வாங்கிக்கொண்டு செட்டிநாடு அரசு கால்நடைப் பண்ணைக்குள் போனேன். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் போட்ட விமான ஓடுதளம் அதற்குள்தான் கிடக்கிறது.

உடன் வந்த பண்ணை ஊழியர் முள்செடிகளைக் காலால் ஒதுக்கி, “இதுதான் தம்பி, நீங்கள் கேட்ட இடம்” என்றார். குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெயிலில் தகித்தது. விரிசல்களில் செம்மண் நிரம்பி, அதில் நெருஞ்சி பூத்திருந்தது. காய்ந்த சாணத்தில் ஒரு குளம்படி அச்சு அப்படியே இறுகிக் கிடந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை என்று ஜப்பானியர் குண்டு போட்டார்கள். தென்னிந்தியாவே போர்முனைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூலூர், சோழவரம், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை என்று அக்காலத்தில் முளைத்த தளங்களின் வரிசையில்தான் இதுவும்.

ஆனால் செட்டிநாட்டுக்கு அந்தப் போர் பர்மா வழியாகவே வந்தது. கீழ்பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு இந்தச் சீமைச் செட்டியார்களின் கையில் இருந்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் ஐயா (தாத்தா) காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்ததை அப்பத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். “வந்து படுத்தவர், வானத்தில் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்” என்பார். அந்த வார்த்தையின் பாரம் இந்தத் தளத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

போர் முடிந்ததும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விதி. சூலூர் விமானப்படையிடம் நிலைத்தது. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. அரக்கோணத்தில் 1992-இல் கடற்படை ‘ராஜாளி’ விமானத் தளத்தைத் தொடங்கியது. இங்கே மாடுகள் மேய்கின்றன. வறண்ட சீமையில் தீவனமும் கன்றும் வளர்க்கும் நிலமாக ஒரு போர்த்தளம் மாறியதில் எனக்கு மனநிறைவுதான்.

இந்த இடத்தில் பயணிகள் விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. வந்தால் வரட்டும். பழைய தளத்தில் பத்தடியையாவது பெயர்க்காமல் விட்டு, பக்கத்தில் 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு ஒரு கல் நட வேண்டும். ஐயாவின் கணக்குப் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கேட்டால் தருவேன்.