மெஹ்ரோலியில் பன்னிரண்டு பேரோடு நடப்பது

குதுப் மினாருக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு, மதிலுக்குத் தெற்கே சுமார் 200 ஏக்கரில் இன்னொரு டெல்லி இருப்பது தெரியாது. மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டு சுல்தானின் கல்லறையில் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தன் ஓய்வுக்காக மாற்றிக்கொண்ட மண்டபம் வரை, ஒரே காலை நடையில் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளைத் தொட்டுவிடலாம். ஆர்.கே. புரம், முனிர்கா, மயூர் விஹார், துவாரகா என்று பரவிக் கிடக்கும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த நடையைத் தமிழில் நடத்துகிறோம். இந்த வேலையில் சொல்லும் விஷயத்தைவிட நிறுத்தும் இடம்தான் பெரிது. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்துவிட்டால் பேச்சு தானாக வரும்.

முதலில் ஆள் கணக்கு. ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் ஒருவர்கூடச் சேர்ப்பதில்லை. ஒலிபெருக்கி இல்லாமல், தொண்டை கிழியாமல் பேசினால் அரை வட்டமாக நிற்கும் பன்னிரண்டு பேருக்குத்தான் கேட்கும். பதினைந்தைத் தாண்டினால் பின்வரிசை தனியாக ஒரு கச்சேரி தொடங்கிவிடும். வழிகாட்டி முன்னால் போக, கடைசியில் இன்னொருவர் வர வேண்டும். பூங்காவில் பாதைகள் பிரியும் இடங்களில் பலகை கண்ணில் படாது. புகைப்படம் எடுக்கப் பின்தங்கியவர் வேறு பக்கம் போய்விட்டால், தேடுவதிலேயே இருபது நிமிடம் போய்விடும்.

நேரத்தை மாதத்துக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். அக்டோபர், மார்ச் மாதங்களில் காலை ஏழு மணி சரி. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஏழு மணிக்குப் போனால் பனிமூட்டத்தில் மினாரே தெரியாது. எட்டரைக்கு முன் தொடங்குவதில் பயனில்லை. மே, ஜூனில் லூ என்னும் அனல்காற்று அடிக்கும்போது இந்த நடையே வேண்டாம். தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிவிட்டால், எத்தனை பேர் பதிவு செய்திருந்தாலும் தள்ளிப்போடுவதே நல்லது. மூன்று மணி நேரம் வெளியில் நடந்து மூச்சு வாங்கும் வேலை இது.

குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் கூடி, அங்கேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்பச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போனபின் அந்த வசதியை நம்ப முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி. காலணி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாதையோரம் முழுக்க நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே சீமைக்கருவேலம்தான். இங்கே விலாயத்தி கீக்கர் என்பார்கள். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும்.

பூங்காவின் அனுவ்ரத் மார்க் வாசலில் நுழைந்ததும் பால்பன் கல்லறைக்குத்தான் போகிறோம். கியாசுதீன் பால்பன் 1266 முதல் 1287 வரை ஆண்டவர். கூரை போய்விட்டது; கரடுமுரடான கல் சுவர்கள்தான் நிற்கின்றன. பார்த்ததும் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்ற கேள்வி முகங்களில் தெரியும். இருந்தாலும் நடை முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், முழு அரை மணி நேரம். இந்தியாவில் இன்று நிற்கும் உண்மையான கல் வளைவுகளில் மிகப் பழையது என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது இங்கேதான் இருக்கிறது.

உண்மையான வளைவு என்றால் என்ன என்பது வெறும் வாயால் சொன்னால் புரியாது. எனவே பையில் ஒன்பது மரத்துண்டுகளைக் கொண்டுபோகிறோம். அரைவட்டம் 180 பாகை. ஒன்பதாகப் பிரித்தால் துண்டுக்கு 20 பாகை. ஒவ்வொரு துண்டும் ஆப்பு மாதிரி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் அறுக்கப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அரைவட்டத்தைத் தாங்கலாக வைத்து, இரண்டு ஓரத்திலிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, நடுத்துண்டை உச்சியில் செருகிவிட்டு அட்டையை உருவ வேண்டும். வளைவு நிற்கும். இரண்டு பக்கமும் செங்கல் வைக்க மறந்தால் கால்கள் விரிந்து கடகடவென்று விழும். அதை முதலில் விழவிட்டுக் காட்டுவதுதான் நல்லது. வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அதைத் தாங்கத்தான் சுவர் இவ்வளவு தடிமன் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த நொடியில் பிடிபடும். துண்டுகளின் பக்கங்களை வழவழப்பாக இழைத்துவிடக் கூடாது, வழுக்கும். மண்தரையில் வைக்காமல் ஒரு பலகைமேல் வைக்க வேண்டும். துண்டுகளைத் தரையில்தான் பரப்புவோம். புராதனச் சுவரிலோ படியிலோ எதையும் வைப்பதில்லை.

அதற்குப் பிறகு குதுப் வளாகத்து மசூதியின் முகப்புத் திரையை அச்செடுத்த படமாகக் காட்ட வேண்டும். அது 1199 வாக்கில் எழுந்தது. தூரத்தில் பார்த்தால் அதுவும் வளைவுதான். கிட்டத்தில் பார்த்தால் கல் வரிசைகள் படுக்கையாகவே இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னே நீட்டிக்கொண்டு, உச்சியில் இரண்டு பக்கமும் சந்திக்கின்றன. வளைவு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, தூணும் உத்தரமும் போதிகையும் வைத்துக் கட்டிப் பழகிய உள்ளூர்ச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த முறையில் அந்த உருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நம் கோயில் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நுட்பம் சட்டென்று எட்டும். தமிழ்க் குழுவை அழைத்துப்போவதில் உள்ள பெரிய வசதி இது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள்; அதற்குள் டெல்லியின் கொத்தர்கள் ஆப்புக்கல் அடுக்கப் பழகிவிட்டார்கள்.

பக்கத்து அறையில் பால்பனின் மகன் முகமதுவின் கல்லறை என்று சொல்லப்படுவது இருக்கிறது. 1285-இல் மங்கோலியரோடு நடந்த போரில் மாண்டவர், கான் ஷஹீத் என்று பெயர். அவரிடம் அப்போது பணியில் இருந்த கவிஞர் அமீர் குஸ்ரோ, அந்தப் போரில் சிறைபிடிக்கப்பட்டுத் தப்பி வந்தவர். இந்தப் பெயரை இங்கே அழுத்திச் சொல்லி வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஜமாலி கமாலி மசூதியும் கல்லறையும். டெல்லியில் பேய்க்கதைக்குப் பேர்போன இடம் என்பதால், எந்தக் குழுவிலும் ஒருவராவது ஜின் பற்றிக் கேட்பார். கட்டடத்தைப் பார்த்து முடித்தபின் பேசலாம் என்று சொல்லி நகர்வதே முறை. முதலிலேயே ஆரம்பித்தால் ஒருவரும் கல்லைப் பார்க்க மாட்டார்கள். ஜமாலி, சிக்கந்தர் லோடி காலத்திலேயே புகழ்பெற்ற சூஃபிக் கவிஞர். 1526-இல் ஆட்சி மாறியபின் பாபர், ஹுமாயூன் காலத்திலும் மதிக்கப்பட்டவர். மசூதி 1528-29 என்று குறிக்கப்படுகிறது. இப்படி இரட்டை ஆண்டு ஏன் என்று கேட்பார்கள். இஸ்லாமிய ஆண்டுக்கு சுமார் 354 நாள். அது நம் நாட்காட்டியின் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். கமாலி யார் என்பதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது. சீடர் என்பார்கள், தம்பி என்பார்கள், காதலர் என்பார்கள். மூன்றையும் சொல்லி, ஆதாரமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பக்கத்தில் உள்ள கல்லறை அறை 7.6 மீட்டர் சதுரம், தட்டைக் கூரை. பெரும்பாலும் பூட்டியிருக்கும். காவலாளி திறந்துவிட்டால் ஆறு ஆறு பேராக உள்ளே போகலாம். கூரையில் சிவப்பும் நீலமுமாகச் சுதைவேலை. ஆரவல்லிக் குன்றின் குவார்ட்சைட் கல் உளிக்கு மசியாது. அதனால்தான் டெல்லியில் பல கட்டடங்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சுமேல் அலங்காரம், செதுக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து வந்த மணற்கல். கைபேசி விளக்கை நேராக அடித்தால் சுவர் தட்டையாகத்தான் தெரியும். சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் சுதையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், கை வைக்கவும் வேண்டாம்.

குலி கான் கல்லறை எண்கோண மண்டபம். 1840-களில் முகலாய அவையின் ஆங்கிலேய ரெசிடென்ட் (கம்பெனிப் பிரதிநிதி) தாமஸ் மெட்காஃப் இதைத் தன் ஓய்வு மாளிகையாக மாற்றி, தில்குஷா என்று பெயர் வைத்தார். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்த மேடையிலிருந்து குதுப் மினார் நன்றாகத் தெரியும். அதற்காகவே இங்கே நிற்கிறோம். மினாரின் அடியில் உள்ள அலாய் தர்வாசா என்ற வாயில் 1311-இல் கட்டப்பட்டது. அதே 1311-இல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரையை எட்டியது. அந்தப் படையெடுப்பை எழுதிவைத்தவர் அமீர் குஸ்ரோ. காலையில் கேட்ட பெயர் இங்கே திரும்பி வரும்போது, மதுரைக்காரர் யாராவது இருந்தால் அடுத்த கேள்விக்கு நாம் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்விகள் சூடாகவும் வரும். குதுப் வளாகத்து மசூதியின் கிழக்கு வாயில் பாரசீகக் கல்வெட்டு, 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு அது கட்டப்பட்டது என்கிறது. அதைக் கல்வெட்டு சொல்கிறபடியே சொல்ல வேண்டும்; கூட்டவும் கூடாது, மழுப்பவும் கூடாது. அதற்கு மேல் இன்றைய அரசியலுக்குள் இழுத்தால், "கட்டடம் முடிஞ்சதும் டீக்கடையில பேசலாம் சார்" என்று சொல்லி அடுத்த இடத்துக்கு நடப்பதே எங்கள் வழக்கம். ஒருவரோடு வாதம் தொடங்கினால் மீதிப் பதினொரு பேரின் காலை வீணாகும்.

ராஜோன் கி பாவ்லியில் பேச்சைக் குறைத்துக் கவனத்தைக் கூட்ட வேண்டும். லோடி காலத்துப் படிக்கிணறு, 1506. நாலு அடுக்கு, ஏறக்குறைய 13 மீட்டர் ஆழம். விளக்கம் எல்லாம் மேலே நின்றபடியே முடிந்துவிட வேண்டும். கீழே இறங்கிப் பேசினால் எதிரொலியில் ஒரு வார்த்தையும் விளங்காது. டெல்லியில் நீர்மட்டம் மழைக்குப் பின் ஏறி, கோடையில் பாதாளத்துக்குப் போய்விடும். எந்த மட்டத்தில் இருந்தாலும் தண்ணீர் வரை நடந்தே போகத்தான் இத்தனை படிகள். நம் தெப்பக்குளத்துக்கு நாலு பக்கமும் படி. இங்கே ஒரு பக்கம் படி, மறுகோடியில் கிணறு, சுற்றிலும் வெயிலுக்கு ஒதுங்கத் தூண் தாழ்வாரம். ஒவ்வோர் அடுக்காக இறங்க இறங்க உடம்பில் குளிர்ச்சி தட்டும்.

படிகள் உயரம், செப்டம்பரில் பாசி. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு முழங்கால் பெரிய பிரச்சினை. "முடியுமா?" என்று கேட்டால் முடியாது என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் கேட்பதே இல்லை. "மாமி, நீங்க இந்தத் தாழ்வாரத்துல உக்காருங்க, இங்கேருந்து பார்த்தாத்தான் எல்லா அடுக்கும் சேர்ந்து தெரியும்" என்று இடம் காட்டிவிட வேண்டும். அது உண்மையும்கூட. தண்ணீரை ஒட்டிய கடைசிப் படிகளுக்கு யாரையும் விடுவதில்லை. குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் கணக்கு வைத்தபின்தான் இறங்குவது.

அங்கிருந்து ஊருக்குள் நடந்தால் கந்தக் கி பாவ்லி, இல்துத்மிஷ் காலத்தது. வெளியிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். பஸ் நிலையத்தருகே ஆதம் கான் கல்லறை. அக்பரின் அமைச்சரைக் கொன்றதற்காக 1562-இல் ஆக்ரா கோட்டை மேலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டவர். கடைசியாக, சூஃபி ஞானி பக்தியார் காக்கியின் தர்காவை ஒட்டிய ஜஃபர் மஹல். 1840-களின் பிற்பகுதியில் பகதூர் ஷா ஜஃபர் கட்டிய மூன்று மாடி வாயில். தர்கா பக்கம் போவதாக இருந்தால் தலையை மூடத் துணி வேண்டும். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் வாசலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே போய் நின்றபின் சொல்வது அவமரியாதை. ஜஃபர் மஹலில் நிறுத்த வேண்டிய இடம் உள்ளே உள்ள சிறிய கல்லறை முற்றம். தனக்கென்று அங்கே இடம் ஒதுக்கி வைத்திருந்த ஜஃபர் 1862-இல் ரங்கூனில் இறந்தார். அந்த நேரத்தில் எல்லாருக்கும் பசி தொடங்கியிருக்கும். அதனால் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை மெஹ்ரோலிக்கு நேராக அனுப்புவதில்லை. ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு வரும் நம்மவர்கள் பலர், பக்கத்து செக்டார் 5-இல் லோடி காலத்து வஜீர்பூர் கும்பட் (குவிமாடக் கட்டடம்) கல்லறைகளும் ஒரு படிக்கிணறும் இருப்பதைப் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிறு காலை, ஆறு பேர், ஒரே ஒரு கும்பட், இருபது நிமிடம். பேச்சில் ஆண்டு இரண்டுக்கு மேல் வரக் கூடாது, அரசர் பெயர் ஒன்றுக்கு மேல் கூடாது. கேட்டவர்கள் தாங்களாகவே சுவர்ப் பக்கம் போய்க் குனிந்து பூச்சைப் பார்க்க ஆரம்பித்தால், அந்தப் பிள்ளையின் கையில் ஒன்பது மரத்துண்டுகளையும் கொடுத்துவிடலாம்.