கெசட் வந்த ராத்திரியும் அப்பாவின்ர கிழங்கும்

கொழும்பில இறக்குமதி சாமான் கிளியர் பண்ணுற ஒரு ஒபிசில பன்னிரண்டு வருசமா வேலை செய்யிறன். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சீனி, பருப்பு, எங்களுக்கு வாற கொண்டெய்னர்களில இதுகள்தான் கூட. சேர்ந்த புதுசில, வரி எண்டா பாராளுமன்றத்தில கதைச்சு கை உயர்த்தினாப் பிறகுதான் நடைமுறைக்கு வரும் எண்டு நினைச்சிருந்தன்.

அப்பிடி இல்ல. 2007 ஆம் ஆண்டின்ர 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்படி நிதி அமைச்சர் கட்டளை போட்டு கெசட்டில, அதுதான் அரசாங்க வர்த்தமானியில, வந்தாலே போதும், இறக்குமதி சாமானுக்கு கிலோவுக்கு இவ்வளவு வரி எண்டு கஸ்டம்ஸ் அறவிடத் தொடங்கிடும், பாராளுமன்றத்துக்கு அங்கீகாரத்துக்கு வாறது பிறகுதான், அங்க நிராகரிச்சாக்கூட அதுவரைக்கும் கட்டினது கட்டினதுதான். சீனியைப் பாருங்கோ. 2020 ஒக்டோபரில அறவீட்டை கிலோவுக்கு 50 ரூபாவில இருந்து ஒரேயடியா 25 சதத்துக்கு இறக்கினாங்கள், கடையில சனம் வாங்கின விலையில அந்த அம்பது ரூபா இறங்கேல்ல, திரும்ப 50 ஆக்கினது 2023 நவம்பரில.

எனக்கு மனசில நிக்கிறது சீனி இல்ல, கிழங்கு. எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில குப்பிழான், அப்பா அந்தச் செம்மண்ணில நவம்பரில நட்டு பெப்ரவரியில கிண்டுவார். ஒரு வருசம் சரியா கிண்டுற நேரம் பாகிஸ்தான் கிழங்கு துறைமுகத்தில நிக்குது, அறவீடு கூடப்போகுது எண்டு கதை அடிபட்டுது, இண்டைக்கே எல்லாப் பேப்பரும் போகவேணும் எண்டு முதலாளி சொல்லிட்டார், ராத்திரி ஒம்பது மணிமட்டும் இருந்து நான்தான் டைப் பண்ணினன். நாலாம் நாள் கெசட் வந்துது. அதுக்குள்ள பழைய அறவீட்டோட அந்த மூட்டையெல்லாம் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் போய் சேர்ந்திட்டுது.

அப்பா கோல் எடுத்தார். "தம்பி, வரி கூட்டினது எண்டு ரேடியோவில சொன்னாங்கள், பிறகு ஏன் கிழங்குக்கு விலை ஏறேல்ல?" நான் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு எடுக்கிறன் அப்பா எண்டு வைச்சிட்டன். பாராளுமன்றம் அந்தக் கட்டளையை அங்கீகரிச்ச அண்டைக்கு எங்கட தோட்டத்தில கிழங்கே இல்ல, எல்லாம் வித்து முடிஞ்சு, வெட்டுப்பட்ட சின்னக் கிழங்கு கொஞ்சம் கொட்டிலுக்க முளைவிட்டுக் கிடந்தது.

அறவீடு வேணுமா வேண்டாமா எண்டது இல்ல என்ர பிரச்சினை, வாங்கித் தின்னுற சனத்துக்கும் விலை இருக்கு. ஆனா விதைகிழங்கு நிலத்துக்க போறதுக்கு முதல், ஒக்டோபரிலயே, இந்தப் போகத்துக்கு இவ்வளவுதான் எண்டு சபையில கதைச்சு முடிச்சு அறிவிக்கவேணும், இடையில மாத்தக்கூடாது. கமக்காரன் கடன்பட்டு விதை வாங்கிறான், அவனுக்குத் தெரியவேண்டிய நேரம் அதுதான்.

ஒவ்வொரு ஒக்டோபரும் அப்பா என்னட்டத்தான் கேப்பார், இந்தமுறை எத்தனை அந்தர் விதை எடுக்கட்டும் எண்டு. நானும் கடைசியா வந்த கெசட்டைத் திறந்து அது எந்தத் திகதிமட்டும் செல்லும் எண்டு பாக்கிறன், பெப்ரவரி அதுக்குள்ள வாறேல்ல.