டைட்டானிக்கைக் காணாமல் ஆக்கும் வேலை: இதுவரை

டைட்டானிக் மூழ்காமல் தப்பியிருந்தால் என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். எனக்கு வேறு ஆசை. மூழ்கட்டும், ஆனால் எங்கே, எப்படி என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. நிஜத்திலேயே முன்மாதிரி உண்டு. 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வாராட்டா என்ற கப்பல், 211 பேரோடு போனது போனதுதான். அதில் வயர்லெஸ் கிடையாது.

ஆகவே வயர்லெஸ்ஸில் கைவைத்தேன். டைட்டானிக்கின் கருவி நடுவழியில் உண்மையாகவே பழுதானது; அதை இயக்கிய ஃபிலிப்ஸும் பிரைடும் மணிக்கணக்காக உட்கார்ந்து சரிசெய்தார்கள். என் கதையில் அது சரியாகவில்லை. அபாயச் செய்தி போகாது, 1912 ஏப்ரல் 14ஆம் தேதிப் பனிப்பாறை எச்சரிக்கைகளும் வராது. நிஜத்தில் உதவிக்கு ஓடிவந்த, 58 மைல் தள்ளியிருந்த கார்பேத்தியா கப்பல் தன் வழியே போய்விடும்.

ஆனால் படகுகளை என்ன செய்வது? 20 படகுகள், எழுநூறு பேர், கண்ணாடி மாதிரிக் கடல். விடிந்தால் யார் கண்ணிலாவது படும். கலிஃபோர்னியன் என்ற கப்பல் வேறு பக்கத்திலேயே நிற்கிறது. புயலைக் கிளப்பலாம் என்றால் அதுவும் உதைக்கிறது. அலை இருந்தால் பனிப்பாறையின் அடியில் நுரை தெரியும். மேலே காவலில் இருந்த ஃப்ளீட் முன்னதாகவே மணியடிப்பார், மோதலே நடக்காது. நிஜத்தில் விடியற்காலையில் லேசாகக் காற்று எழுந்தது. அதையே பிடித்துக்கொண்டு, கப்பல் மூழ்கிய 2.20க்குப் பிறகு சூறையாக்கினேன். கொஞ்சம் கொடூரம்தான்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. வாராட்டா விசாரணையில் சாயர் என்ற பயணி சாட்சி சொன்னார்; கப்பல் சாய்ந்த விதமும் கெட்ட கனவுகளும் பயமுறுத்த, டர்பனிலேயே இறங்கிக்கொண்டவர். எனக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். கிடைத்தார்: ஜான் காஃபி, கொதிகலன் தொழிலாளி. வழியில் நின்ற அயர்லாந்துத் துறைமுகம் குயின்ஸ்டவுனில் தபால் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து இறங்கிவிட்டவர். டைட்டானிக்கின் நிலக்கரிக் கிடங்கு ஒன்றில் சவுத்தாம்ப்டனிலிருந்தே தீ கனன்றுகொண்டிருந்தது நிஜம். காஃபி அதைச் சொன்னால் போதும், லண்டன் முழுக்கத் தீயைத்தான் பேசும். பனிப்பாறையை யார் நினைப்பார்கள்? 1914இல் கப்பல் பாதுகாப்புக்கு மாநாடு கூடினாலும் நிலக்கரிக் கிடங்குகளுக்குத்தான் விதி எழுதுவார்கள்; படகு எண்ணிக்கை அப்படியே கிடக்கும்.

காஃபியின் சாட்சியம் பாதி எழுதியாயிற்று. கலிஃபோர்னியன் மேல்தளத்திலிருந்து அதன் அதிகாரி ஸ்டோன் பார்த்த வெள்ளை ராக்கெட்டுகள்தான் பாக்கி. அவரைப் பேசவிட்டால் தீக்கதை ஆட்டம் காணும். அந்தக் கப்பலின் கேப்டன் லார்ட் அவரை வாயைத் திறக்கவிடுவாரா என்பதை வைத்துத்தான் அடுத்த அத்தியாயம்.