கொடிக்கால் நாட்குறிப்பு

மே 14, 2025, சோழவந்தான்

அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள் ஆகிறது. நேற்று ராத்திரி அடித்த காற்றில் வெற்றிலைக் கொடிக்காலின் மேற்குப் பக்கம் நிழலுக்கு நின்ற நாலு அகத்தி சாய்ந்துவிட்டது. கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அப்பாவுக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. "வெயில் நேரா விழுதும்மா, இலை வெளுத்துப் போகும்" என்கிறார். பதினோரு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை நடத்துகிறேன். வெயில் கூடினால் இலைக்கு நல்லதுதானே என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மே 15

ராத்திரி கரண்ட் போனது வசதியாகிவிட்டது. ஒரு வெற்றிலையை ஸ்பிரிட்டில் நசுக்கி வடிகட்டி, தம்பி கடையில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தேன். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. "என்னடி இது" என்று அம்மா பயந்துவிட்டாள். முழு இலை மேல் அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டிலும் ஒரே பச்சையம்தான். சாற்றில் அது தனியாள். வாங்கிய ஒளியைக் கைமாற்ற ஆளில்லாமல் சிவப்பாகக் கக்கிவிடுகிறது. இலைக்குள் அதை இடம் பார்த்து உட்காரவைக்கப் புரதம் இருக்கிறது.

மே 16

அந்தப் புரதத்துக்கு எல்எச்சி-2 என்று பெயர். மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் 14 பச்சையம்: எட்டு 'ஏ', ஆறு 'பி'. கூடவே நாலு கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி. பசலையில் அதன் அமைப்பை 2004-இல் தெளிவாகப் படம்பிடித்தார்கள்.

ஒரு பச்சையம் இன்னொன்றுக்கு ஆற்றலை எப்படிக் கொடுக்கிறது? ஒளியாக வீசி எறிவதில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ரயில் போனால் அலமாரியில் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் கிணுகிணுக்கும்; மற்றவை சும்மா இருக்கும். அதிர்வு ஒத்துப்போவதற்குத்தான் போய்ச் சேரும். பச்சையத்திலும் அப்படித்தான், ஆனால் மிக நெருக்கத்தில். சாதாரணமாக இடைவெளி இரண்டு மடங்கானால் கைமாறும் வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் புரதம் அவ்வளவு கறாராக இடம் ஒதுக்குகிறது. 'பி'-யிலிருந்து 'ஏ'-வுக்குத் தாவப் பெரும்பாலும் சில பிகோ விநாடி போதும்; ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிகோ விநாடி. 'ஏ'-யின் ஆற்றல் மட்டம் கொஞ்சம் தாழ்வு. மடை திறந்தால் பள்ளத்துக்குத்தானே தண்ணீர் ஓடும். கடைசியில் ஆற்றல் போய்ச் சேரும் இடம் வினை மையம். அங்கே எலக்ட்ரான் கிளம்பிவிடும்.

1932-இல் எமர்சனும் ஆர்னால்டும் பாசியில் மின்னல் வெட்டுப்போல் ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர சுமார் 2,500 பச்சையம் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "வெற்றிலை கிள்ள ஆள் கிடைக்கலை, அங்க ஒரு வேலைக்கு இத்தனை பேரா!"

மே 18

வெளுக்கத் தொடங்கிவிட்டது. அப்பா சொன்னது சரி.

நிழலில் வளர்ந்த இலை கஞ்சத்தனமாக ஒளி வரும் இடத்தில் வலையை அகலமாக விரித்திருக்கிறது. எல்எச்சி-2 அதிகம், 'பி' பச்சையத்தின் பங்கும் அதிகம். அகத்தி நிழலில் இலை கரும்பச்சையாக இருப்பது அதனால்தான். அந்த வலையில் திடீரென்று சித்திரை வெயில் கொட்டினால்? இலை சும்மா இருப்பதில்லை. சில நிமிஷத்திலேயே வயோலாசாந்தின் என்ற கரோட்டினாய்டை சியாசாந்தின் என்ற இன்னொன்றாக மாற்றி, மிஞ்சும் ஆற்றலை வெப்பமாக வெளியே தள்ளும். அதற்கும் ஓர் அளவு உண்டு. தாண்டினால், எல்எச்சி-2 ஆற்றல் கொடுக்கும் வினை மையம் இருக்கிற இரண்டாம் ஒளி அமைப்பில் டி1 என்ற புரதம் பழுதாகிறது. பழுதுபார்ப்பு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பச்சையமும் போகிறது. மல்லிகைத் தோட்டத்துக்கு இந்தக் கவலை இல்லை, பிறந்ததிலிருந்தே வெயிலில் நிற்கிற செடி அது.

நான் பாடத்தில் இதைச் சொன்னதே இல்லை.

மே 21

மேற்குப் பக்கம் தென்னங்கீற்று கட்டியாயிற்று. புது அகத்தி விதையும் ஊன்றியிருக்கிறார். சாயங்காலம் வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டும்போது வெளுத்த இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். அதில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். இன்று ராத்திரி ஸ்பிரிட்டில் போட்டு, பச்சை இலைச் சாறு பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு சிவக்கிறது என்று பார்க்க வேண்டும்.