பம்பை மாற்றும் முன் ரிலேயைப் பாருங்கள்

மாங்குளம் பக்கம் வழியில் வான் நின்றுபோனால் உடனே பெற்றோல் பம்பை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். கோபம்தான் வருகிறது. வயல் செய்து சேர்த்த காசு அது. பம்ப் சுழலாவிட்டால் பம்ப்தான் பழுது என்று யார் சொன்னது?

சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காதைக் கொடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்சன் வாகனங்களில் பம்ப் ஓரிரு விநாடி ரீங்கரித்து நிற்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ், பிறகு ரிலே, அதாவது பம்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு மின்சுவிட்ச். சாதாரண நான்கு முனை ரிலேயில் 85, 86 என்ற எண்ணுள்ள முனைகள் உள்ளே சுவிட்சை இழுக்கும் காந்தச் சுருளுக்கு உரியவை. 30இல் பற்றரி மின்சாரம் வரும். 87 பம்புக்குப் போகும். சுருளை அளந்தால் பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை காட்டும். 'டிக்' என்ற சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். தொடுமுனை கருகியிருந்தாலும் அது கேட்கும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டுவதிலும் பலர் ஏமாறுகிறார்கள். அறுந்து ஓர் இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு 12 வோல்ட் கொடுக்கும். பம்புக்கு வேண்டிய அம்பியரைக் கொடுக்காது. பம்ப் இணைப்பில் 21 வாட் பல்ப் ஒன்றைப் பொருத்துங்கள். மங்கலாக எரிந்தால் குற்றம் வயரிலோ, மின்சாரம் வாகன உடல் வழியே திரும்பும் எர்த் இணைப்பிலோ, ரிலேயிலோதான்.

எங்கள் செம்மண் புழுதியும் மாரி வெள்ளமும் எர்த் முனையை எளிதில் அரித்துவிடுகின்றன. அண்மையில் பரந்தனில் ஒரு வானில் அந்த ஆணியைக் கழற்றினேன். மேலே பளபளப்பு, வளையத்தின் அடியில் பச்சைத் தூள். சுரண்டி இறுக்கியதும் பழைய பம்பே சுழன்றது.

தம்பிமாரே, பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் வயரை உரசிப் பொறி பார்க்க வேண்டாம்.